வெளக்கெண்ணெய் ஊத்துன ஃபேன்

மூடியத் தொறந்துராதீங்க! தம்பி, கைய எடுங்க, மொதல்ல கைய எடுங்க. அப்படியே பின்னால வாங்க. ஆங். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியத் தொறந்தா சுடுதண்ணி மூஞ்சியில அடிச்சிருமுங்க. உங்க கை அதும்மேல போறதப் பாத்துத்தான் நான் வண்டியவே ஓரங்கட்டுனேன்.

இஞ்சின நிறுத்திட்டீங்கள்ல? செரி. இந்த ஃபேன ஒரு தட்டு தட்டறேன், பாருங்க. பாத்தீங்களா, அது பாட்டுக்குச் சுத்துது? இவ்வளவு சூட்டுல அது கைக்கு அசையறதுக்கே யோசிக்கோணும். உங்களுக்கு ஃபேன் கிளச்சு போயிருச்சுங்க. ஃபேனுக்கு நடுவுல வட்டமா ஒரு டப்பா இருக்குதுங்களா, அதுதான். அதுக்குள்ள பிசுபிசுன்னு ஒரு எண்ணெய் இருக்கும். இஞ்சின் சூடானா அந்த எண்ணெய் ஃபேன இறுக்கிப் புடிச்சுச் சுத்த வெக்கும், ஆறுனா விட்டுரும். எண்ணெய் கசிஞ்சு போச்சுன்னா ஃபேன் பேருக்குச் சுத்தும், அவ்வளவுதான். சமதரையில எதுத்தாப்ல வர்ற காத்தே காப்பாத்திரும். இந்தக் கொல்லிமலை ஏத்தத்துல மானம் போயிரும்.

ஆற எப்படியும் நேரமாகும். வூட்டம்மாவையும் கொழந்தைங்களையும் அந்த நெழல்ல உக்காரச் சொல்லுங்க. நீங்க இந்த ரோட்டோரச் சுவத்து மேல வந்து உக்காருங்க. கொரங்கு வரும், கையில திங்கறது எதும் வெச்சுக்காதீங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. நான் மெக்கானிக் இல்லீங்க. செங்கோட்டுவேல்னு பேரு, நாமக்கல்லுல முட்டை மண்டி. ஆனா நாமக்கல்லுல பொறந்தவனுக்கு வண்டியப் பத்தி யாரும் பாடம் எடுக்கோணும்னு இல்லீங்க. தெருவுக்குத் தெரு லாரிப் பட்டறை. அந்தச் சத்தத்துலயே தூங்கி அந்தச் சத்தத்துலயே முழிச்சவன் நான். தன்னால வந்துரும். இதே ஃபேன் கிளச்ச என் வூட்டு வாசல்ல வெச்சு, ஒருத்தரு ஒதவியும் இல்லாம, நானே பிரிச்சு நானே மாட்டுனேன். ஒருத்தரு ஒதவியும் இல்லாமன்னா, சாரதாமணி கூட நின்னா. என் சம்சாரம். அந்தா, வண்டிக்குள்ள போன்ல பேசிட்டு இருக்கறா பாருங்க, அவதான். என் தங்கச்சி கோகிலவாணிகிட்டப் பேசறா. எப்பப் பாத்தாலும் ரெண்டு பேருக்கும் பேச்சுத்தான். மேல செம்மேட்டுல தங்கச்சியக் குடுத்திருக்கறோம். மாப்ள மாதேஸ்வரன் அங்க ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறான். மலை மேல எந்த வண்டி நின்னாலும் அவந்தான் பாக்கோணும். தங்கமான ஆளுங்க. வாய்தான் கொஞ்சம்.

அந்த வாயாலதாங்க எல்லாம் வந்துச்சு. போன வருசம் மாட்டுப் பொங்கலுக்கு மேல போனோம். அந்தா நிக்குது பாருங்க, அதே வண்டி. பழைய டீசல் வண்டிதான், கம்பெனி பேரெல்லாம் எதுக்கு, வயசானா எதுவும் அப்படித்தான். காலையில முட்டை ஏத்திக் கடைகடையாப் போடறதுக்கு அத அடிச்சுக்க இன்னொண்ணு கெடையாது. அன்னிக்கு ஏத்தத்துல தெணறித் தெணறி, செரியா அவன் ஒர்க்‌ஷாப் வாசல்ல போய் நின்னு பொஸ்ஸுன்னு பொகைய விட்டுச்சு. ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாம் வாசல்ல நிக்கறாங்க. என் பெரியப்பன் மகன் லோகநாதன் திருப்பூர்ல இருந்து புது வண்டியில வந்து நிக்கறான். மாதேசு பானெட்டத் தூக்கிப் பாத்துட்டு என்ன சொன்னான்னு கேக்கறீங்க? "மச்சான், கொண்டாந்த முட்டைய எறக்காதீங்க. அப்படியே இதுக்குள்ள அடுக்கிருங்க, ஊருக்கே அவிச்ச முட்டை போட்டுரலாம்"னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். தங்கச்சி சிரிச்சா, செரி, சின்னப் புள்ள. சாரதாமணி சிரிச்சா பாருங்க! லோகு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்தே போயிட்டான்.

எனக்குக் கோவமே வரலீங்க. அமைதியாத்தான் சொன்னேன். ஒர்க்‌ஷாப்புக்குள்ள இருந்த பசங்க எல்லாம் வெளிய வந்து பாக்கற அளவுக்குத்தான் சத்தம் இருந்துச்சு. "சிரிக்கறியா மாப்ள? சிரி. சித்திரையில உம்பொண்ணுக்குக் காது குத்துதான? உன் கை படாம, உன் யோசனை கேக்காம, இந்த வண்டிய நானே சரிபண்ணி, இதே வண்டியிலதான் சீரோட வருவேன். அப்படி வரலேன்னா பாப்பாவ லோகு மடியில உக்கார வெச்சுக் குத்திக்கோ!"

சொல்லிப்போட்டனுங்க. சொன்னதுக்கு அப்பறந்தான் என்ன சொன்னோம்னு நெஞ்சுல ஒறைக்குது. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. எனக்கு ஒரே தங்கச்சி, அவளுக்கு ஒரே பொண்ணு, தன்ஷிகா. காது குத்தறப்ப கொழந்தைய மடியில உக்கார வெக்கறது தாய்மாமனோட பெருமைங்க. எம்மடிக்கு அந்த ஒரு புள்ளதான். அதப் போய் நான் வாயக் குடுத்துப் பந்தயத்துல வெச்சுட்டேன். மாதேசு சிரிப்ப நிறுத்திட்டு, "வண்டிய விட்டுட்டுப் போங்க மச்சான், நாளைக்கே பாத்துத் தர்றேன்"னான். வேண்டாம்னுட்டேன். அப்பறம் அவன் போன் பண்ணுனா எடுக்கறதில்ல. கோவமெல்லாம் இல்ல, சும்மா எடுக்கறதில்ல.

வேலைய ஆரம்பிச்சேன். அந்த டப்பாவ வண்டியில இருந்து கழட்டணும்னா பின்னால ஒரு பெரிய நட்டு இருக்குதுங்க. பெரிய ஸ்பேனர் ஒண்ணு பக்கத்துப் பட்டறையில வாங்கியாந்து, சாரதாமணிய ஒரு பழைய பெல்ட்டச் சுத்திப் புல்லிச் சக்கரத்த அசையாமப் புடிக்கச் சொல்லி, இழுத்தேன். அசையல. ஸ்பேனருக்கு இரும்புப் பைப்ப மாட்டி இழுத்தேன். அசையல. கால வெச்சு மிதிச்சேன். இடுப்புல புடிச்சுக்கிச்சு. நட்டு அசையல. இவ என்னடான்னா ஒரு கையில பெல்ட்டு, ஒரு கையில போனு. தங்கச்சிகூடப் பேச்சு. நான் இங்க உயிர விட்டுக்கிட்டு இருக்கறேன், இவ "ம், ம், ஆமா, அந்தப் பக்கந்தான் இழுக்கறாரு"ன்னு கத அளக்கறா!

போன வெச்சுட்டு, "ஏனுங்க, எதுத்த பக்கமாத் திருப்பிப் பாருங்களேன்"னா. நான் சொன்னேன், "ஒலகத்துல எந்த நட்டும் இந்தப் பக்கந்தான் கழலும், நாமக்கல்காரனுக்கு நீ சொல்லித் தர்றியா"ன்னேன். சொல்லிட்டுத் தண்ணி குடிக்க உள்ள போனேன். வந்து பாத்தா நட்டு அவ கையில இருக்குது. ஸ்பேனர எதுத்த பக்கமா வெச்சுச் சுத்தியல்ல ஒரு தட்டு தட்டுனாளாம், வந்துருச்சாம். அந்த நட்டுக்கு உள்ள இருக்கற மரைய எதுத்த பக்கமா வெட்டியிருக்கறாங்க தம்பி. நான் அவ்வளவு நேரம் கழட்டல, இறுக்கிட்டு இருந்திருக்கறேன். இருந்தாலும் நான் ஆட்டி ஆட்டி இளக்கி வெச்சதாலதான அவளுக்கு ஒரு தட்டுல வந்துச்சு? அத அவ ஒத்துக்கவே மாட்டா.

டப்பாவப் பிரிச்சா உள்ள எண்ணெய் சுத்தமா இல்ல. பொட்டு ஈரம் இல்ல. ஸ்பேர் கடைக்காரன், "மொத்தமா புதுசே மாத்திருங்கண்ணா"ன்னான். புதுசு மாத்துனா நான் சரிபண்ணதா ஆகுமா? என்ன எண்ணெய்டா ஊத்தறதுன்னு அவங்கிட்டக் கேக்கலாம்தான். கேட்டா அவன் மாதேசுக்குத் தெரிஞ்ச ஆளு, அங்க போயி சொல்லிருவான். யோசிச்சேன். கெட்டியா இருக்கோணும், பிசுபிசுன்னு இருக்கோணும், வூட்டுலயே இருக்கோணும். எனக்குச் சட்டுன்னு தோணிருச்சுங்க. வெளக்கெண்ணெய்!

சிரிக்காதீங்க. கேளுங்க. செக்குல ஆட்டுன சுத்தமான வெளக்கெண்ணெய், சாரதாமணி தலைக்கு வெச்சிருந்தது. ஊத்தி, மூடி, மாட்டி, விடிகாலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணுனேன். அடேங்கப்பா! அந்த எரைச்சல நீங்க கேட்டிருக்கோணும். வண்டிக்கு அடியில கெடந்த சருகு, காயிதம் எல்லாம் பறந்துபோயி எதுத்த வூட்டு வாசல்ல விழுந்துச்சு. அந்தம்மா வெளக்கமாத்தோட சண்டைக்கு வந்துச்சு. நான் அந்தம்மாவையே கூப்புட்டு ஃபேனக் காட்டுனேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

சாரதாமணி மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறா. "ஏனுங்க, வெளக்கெண்ணெய் சுட்டா எளகித் தண்ணியாப் போயிருமே. கரண்டியில காச்சறப்பப் பாத்ததில்லையா? ஆறியிருக்கறப்ப ஃபேனப் புடிக்கும், சூடானா விட்டுரும். நமக்கு வேண்டியது தலகீழல்ல?"ன்னா. கரண்டி வேற, கிளச்சு வேறன்னுட்டேன். இதுக்குன்னே ஒரு எண்ணெய் இருக்குதாம், சிலிக்கான் எண்ணெய்னு பேராம், எவ்வளவு சுட்டாலும் எளகாதாம். இவளுக்கு இதெல்லாம் எங்கிருந்துதான் தெரியுமோ! தங்கச்சிகூட ஒரு மணி நேரம் பேசிட்டு வந்து இதச் சொல்றா. ரெண்டு பொம்பளைங்க ஒரு மணி நேரம் பேசறதுல சிலிக்கானுக்கு என்ன வேலைன்னு நான் கேக்கவும் இல்ல.

என்னம்மிணி? ...தம்பி, ஒரு நிமிசம், கூப்படறா. ...மாதேசு கீழ எறங்கி வர்றானாமா? எதுக்கு? தேங்கா வாங்கவா? மேல கெடைக்காத தேங்காயா? செரி செரி, வரட்டும். ...ஒண்ணுமில்லீங்க தம்பி, எங்க மாப்ள இந்தப் பக்கமா வர்றானாம். நல்லதாப் போச்சு, உங்க வண்டிய அவன் ஒரு பார்வ பாக்கட்டும். சில நாளைக்கு இப்படித்தான் அமையும்.

எங்க விட்டேன்? ஆங், காது குத்து. சீர்த் தட்டெல்லாம் அடுக்கி, பட்டுப் பாவாடை, தங்கத்துல கம்மல், வளையல், பழம், வெல்லம், அதோட என் பங்குக்கு முட்டை அட்டை எல்லாம் ஏத்தி, வண்டிக்கு மால போட்டு, வெடியறதுக்கு முன்னாலயே கெளம்பிட்டோம். எமகண்டத்துக்கு முன்னால முகூர்த்தம். அடிவாரத்துல, இஞ்சின் சூட்டக் காட்டற முள்ளு எறங்கியே நிக்குது. "பாத்தியா?"ன்னேன். பாதி மலை ஏறுனோம். முள்ளு கொஞ்சம் அசைஞ்சுச்சு. "பாத்தீங்களா?"ன்னா. அப்பறம் முள்ளு கிடுகிடுன்னு ஏற ஆரம்பிச்சுருச்சுங்க. கண்ணாடிய எறக்கி விட்டேன், வேண்டாத சாமி இல்ல. இதுக்கும் மேல, வளைவுல ஒரு கருப்பனார் கோயில் வரும், சூலமும் ரெண்டு கல்லுமா, பாத்திருப்பீங்க. செரியா அங்க போயி பொஸ்ஸுன்னுச்சு.

சூடு ஆற ஆற முகூர்த்தம் நெருங்குது. பின்னால செம்மேட்டு பஸ் வந்துச்சு. சாரதாமணி ரோட்டுக்கு நடுவுல போயி கையக் காட்டி நிறுத்திட்டா. கண்டக்டர் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, "ஏறுங்கண்ணா, சீக்கிரம்"ங்கறாரு. "ஏறுங்க, கம்மல் தட்ட மட்டும் எடுத்துக்கலாம்"ங்கறா இவ. நான் ஏறல தம்பி. இதே வண்டியில வர்றேன்னு சொல்லியிருக்கறனே. பஸ்ஸுல போயி எறங்கி மாதேசு முன்னால எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறது? ஏறலீங்க. பஸ் போயிருச்சு. அது அந்தத் திருப்பத்துல மறைஞ்சதுந்தான் எனக்குப் பகீர்னுச்சு. அடப்பாவி, புள்ளைய விட்டுட்டமேன்னு. வண்டிப் படியில உக்காந்துட்டேன். லோகு பட்டு வேட்டிய மடிச்சு வெச்சுக்கிட்டு மடிய நீட்டறது கண்ணு முன்னால தெரியுது. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. இவ அந்தப் பக்கமாப் போயி, பாறை மேல ஏறி நின்னு போன் பேசிட்டு இருக்கறா. சிக்னலே கெடைக்காத எடத்துல இவளுக்கு மட்டும் கெடைக்கும்.

கொஞ்ச நேரத்துல மேல இருந்து ஒரு ஜீப்பு எறங்கி வருது. வந்து நம்ம முன்னால நிக்குது. மொதல்ல தங்கச்சி எறங்கறா. அப்பறம் பாப்பா, தலை நெறையப் பூ. அப்பறம் தட்டோட ஆசாரி. அப்பறம் லோகு, மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு. கடைசியா மாதேசு. என்னைப் பாத்தான், பொகையப் பாத்தான். இப்பச் சொல்லுவான் பாரு, முட்டை அவிஞ்சுருச்சான்னு கேப்பான் பாருன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். "மச்சான், மேல கோயில்ல ஒரே கூட்டம், நிக்க எடமில்ல. இங்க காத்தோட்டமா இருக்குது, இங்கயே குத்திரலாமா?"ன்னான்.

அவங்க குலசாமி கோயில்ல என்ன கூட்டமோ, எனக்கு வெளங்கல. ஆனா சொன்ன காரணம் நியாயம்தான? கூட்டத்துல கொழந்தைக்கு மூச்சு முட்டுமில்ல? தங்கச்சி என் தோளத் தட்டி, "சாமி எல்லா எடத்துலயும் இருக்குதுண்ணா, மாமன் இங்கதான இருக்குது, உக்காரு"ன்னா.

உக்காந்தனுங்க. எங்க தெரியுங்களா? என் வண்டியில, முன் சீட்டுல, கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு. இதே வண்டியில வருவேன், மடியில உக்கார வெப்பேன்னு சொன்னேன், செஞ்சேன். ஒரு சொல்லு மாறல. கருப்பனாருக்குச் சூடம் காட்டுனாங்க. பாப்பா எம்மடியில உக்காந்து கம்மலையே பாத்துட்டு இருக்குது. ஆசாரி ஒரு காதக் குத்துனாரு. மலையே அதிர்ற மாதிரி ஒரு கத்து. ரெண்டாவது காதக் குத்தறப்ப என் கட்ட வெரலக் கடிச்சுப்போட்டா. இந்தா பாருங்க தழும்பு. எங்க ஊருல எல்லாருக்கும் காட்டிட்டேன்.

அழுகைய நிறுத்தறதுக்கு மாதேசு புள்ளைய வாங்கிட்டுப் போயி, இதே மாதிரி சுவத்து மேல உக்காந்தான். வண்டி ஆறியிருந்துச்சு, செரி, ஆனது ஆகட்டும்னு நான் ஸ்பேனர எடுத்தேன். அவன் எழுந்திருக்கவே இல்ல. எனக்குக் குடுத்த மரியாதைங்க அது. கைய அசைக்காம, பாப்பாவுக்குக் கத சொல்ல ஆரம்பிச்சான். "பாப்பா, ஒரு ஊருல ஒரு மாமா இருந்தாராம். அவரு ஃபேன் கிளச்சப் பிரிச்சாராம். பிரிச்சுப் படுக்க வெக்காம நிக்க வெச்சாராம்." நானும் அப்பத்தான் நிக்க வெக்கலாம்னு எடுத்தேன். "உள்ள இருந்த எண்ணெய டீசல் தொட்ட துணியில வழிச்சுத் தொடைச்சாராம். அப்பறம் பாத்தா ஜீப்பு சீட்டுல ஒரு சின்ன பாட்டில் இருந்துச்சாம்." திரும்பிப் பாத்தா ஜீப்பு சீட்டுல நெசமாலுமே ஒரு பாட்டில் இருக்குது! ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவன் வண்டியில எண்ணெய் கெடக்கறது ஒரு அதிசயமா? எடுத்து ஊத்துனேன். "மாமா ஆசைப்பட்டு முழுசாவும் ஊத்தப் போனாராம். ஆனா அவரு கெட்டிக்காரரு, பாதியோட நிறுத்திட்டாராம்." நானும் அதே நேரத்துலதான் நிறுத்துனேன். எப்படி ஒத்துமை பாருங்க! ஒரு எடத்துலயாவது அவங்கிட்ட யோசனை கேட்டனா நானு? சாரதாமணியே சாட்சி. அவ முந்தானையில வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னா, புள்ள அழுகறதப் பாக்க முடியாம.

மாட்டி முடிச்சு ஸ்டார்ட் பண்ணி விட்டேன். சூடாகச் சூடாக ஃபேன் எரையுது. பாப்பா தேம்பலோட கேக்குது, "அப்பறம்?"

"அப்பறம் மாமா மேல வந்தாரு."

"அப்பறம்?"

மாதேசு ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னான். "வந்து பாத்தா வூட்டுல ஒருத்தருமே சாப்படலியாம் பாப்பா. சமையக்காரர் எல போடலாமான்னு கேட்டாராம். அதுக்கு அந்தப் பாப்பாவோட அப்பன் சொன்னானாம், எம்மச்சான் வராம இங்க எவனும் எலையில கைய வெக்கக் கூடாது, எம்பொண்ணு வேற ஒருத்தர் மடியில உக்காரவும் கூடாது, முகூர்த்தம் போனாப் போகுதுன்னு."

எனக்குத் தாங்கலீங்க. நின்ன எடத்துலயே கண்ணுல தண்ணி கொட்டுது. எண்ணெய் பட்டுருச்சுன்னேன். "எந்த எண்ணெய் மச்சான், பழசா புதுசா?"ங்கறான். அந்த வாய் இருக்குதே! அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன். பாப்பா அவங்கிட்ட இருந்து எறங்கி ஓடியாந்து, மறுபடியும் எம்மடிக்குத்தான் வருவேன்னு வேட்டியப் புடிச்சு இழுக்குது. கடிச்சதுக்குச் சமாதானமாம். புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு இந்த மலையில எப்படி ஓட்டறது? ஜீப்ப லோகு ஓட்டிட்டு வரட்டும்னு விட்டாச்சு. என் வண்டிச் சாவிய மாதேசு கையில வெச்சேன்.

"நீயே ஓட்டு மாப்ள"ன்னேன்.

அவன் ஏறி உக்காந்தான். பாப்பா ரெண்டு வளைவுலயே எம்மேல சாஞ்சு தூங்கிருச்சு. காது செவந்து, புதுக் கம்மல் மினுமினுங்குது. முள்ளு ஏறுச்சா எறங்குச்சான்னு செம்மேடு போற வரைக்கும் நான் பாக்கவே இல்லீங்க.